கதவைத் திறந்தவர் நடிகர் இல்லை: மன்சி நகரத்து நட்சத்திரப் போலீஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். தங்கச்சிமடத்தில் என் வீட்டைத் தேடி ஒரு தம்பி வந்தான். சென்னையில் நிகழ்ச்சி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. கையில் நான்கு பக்கத் தாள். சினிமா, சின்னத்திரை, கிரிக்கெட் என்று ஊரறிந்த ஐந்து பேரைப் பத்து நாள் கடலோரப் போலீசில் வேலை பார்க்க விட்டுப் படம் பிடிக்க வேண்டும் என்பது திட்டம். பாம்பன் பாலம், தனுஷ்கோடி மணல், ராத்திரி ரோந்துப் படகு எல்லாம் தாளில் இருந்தன. நான் கடலோரக் காவல் நிலையங்களில் இருந்து சிறப்பு சார்பு ஆய்வாளராக, அதாவது எஸ்.எஸ்.ஐ.யாக, ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஐயா, இந்தப் பக்கம் என்னென்ன சீன் கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றான்.

நல்ல பிள்ளை. அவன் கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் வாயால் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதித் தருகிறேன் தம்பி என்றேன். இந்தத் திட்டம் புதிதில்லை. வேறொரு நாட்டில் அப்படியே செய்து பார்த்துவிட்டார்கள். அதிலிருந்து தொடங்குகிறேன்.

மன்சியில் நடந்தது

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மன்சி என்று ஒரு நகரம். ஏறக்குறைய 65,000 பேர். 1920களில் ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் என்ற சமூக ஆய்வாளர் தம்பதி சராசரியான ஓர் அமெரிக்க ஊரைத் தேடி இங்கேதான் வந்து தங்கி ஆராய்ந்தார்கள். பிற்காலத்தில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்த ஊர். 2006 கடைசியில் இந்த ஊர்க் காவல் துறைக்கு ஐந்து பிரபலங்கள் வந்து சேர்ந்தார்கள். எழுபதுகளில் தொலைக்காட்சித் தொடரில் நெடுஞ்சாலைப் போலீசாக நடித்துப் பெயர் வாங்கிய எரிக் எஸ்ட்ராடா, மைக்கேல் ஜாக்சனின் அக்கா லா டோயா ஜாக்சன், பாடகர் ஓசி ஆஸ்போர்னின் மகன் ஜாக் ஆஸ்போர்ன், மல்யுத்த வீராங்கனை டிரிஷ் ஸ்டிராட்டஸ், விபரீத விளையாட்டு நிகழ்ச்சியில் புகழ்பெற்ற ஜேசன் அக்குன்யா.

இவர்களுக்குச் சில வாரப் பயிற்சி. பிறகு ரிசர்வ் அதிகாரிகளாகச் சத்தியப் பிரமாணம். இடுப்பில் நிஜத் துப்பாக்கி, நெஞ்சில் நிஜ வில்லை. நிரந்தரக் காவலர் ஒருவரோடு ரோந்து வண்டியில் போய், ஊருக்குள் இருந்து வரும் அழைப்புகளுக்கு நிஜமாகவே ஆஜராக வேண்டும். பின்னால் கேமரா. நிகழ்ச்சியின் பெயர் 'ஆர்ம்டு அண்ட் ஃபேமஸ்'. 2007 ஜனவரி 10 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கியது. அதே நேரத்தில் வேறு தொலைக்காட்சியில் ஓடிய பாட்டுப் போட்டி நிகழ்ச்சியோடு மோதித் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நான்கு பகுதிகளோடு எடுத்துவிட்டார்கள். மீதி வி.எச்.1 சேனலில் போனது.

இதில் என்னை உறுத்துவது அது நின்ற விதம். பார்ப்பவர் எண்ணிக்கை குறைந்ததால் நின்றது. கூடியிருந்தால் அடுத்த வருடம் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். போலீஸ் வேலையை இப்படிச் செய்யலாமா என்ற கேள்விக்கு அங்கே யாரும் பதில் சொல்லி முடிக்கவில்லை, சந்தை முடித்து வைத்தது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். எஸ்ட்ராடா விளையாட்டுக்கு வந்தவரில்லை. நிகழ்ச்சி போன பிறகும் வெர்ஜீனியாவின் பெட்ஃபோர்ட் கவுண்டியில் ரிசர்வ் அதிகாரியாகச் சேர்ந்து, இணையத்தில் குழந்தைகளைக் குறிவைப்பவர்களுக்கு எதிரான பணியில் இருந்தார். 2016இல் ஐடஹோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்க் காவல் துறையிலும் பிரமாணம் எடுத்துக்கொண்டார். ஆகவே பிரபலமானவர் போலீஸ் வேலைக்கு லாயக்கில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டிலேயே 2007 டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசி ஓவரை வீசிய ஜோகிந்தர் சர்மா ஹரியானாவில் டி.எஸ்.பி.யாகி, 2020 ஊரடங்கில் தெருவில் நின்று வேலை பார்த்தார்.

நான் பார்க்கும் இடம் வேறு. அந்த ரோந்து வண்டி ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது. கதவைத் தட்டுகிறவர் நட்சத்திரம். அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், சம்பளம் பேசியிருக்கிறார், வேண்டாம் என்றால் விமானம் ஏறலாம். கதவைத் திறக்கிறவர்? புருஷன் அடித்து முகம் வீங்கியவளாக இருக்கலாம், போதையில் நிற்பவனாக இருக்கலாம், எந்தத் தப்பும் செய்யாதவராகவும் இருக்கலாம். அவருடைய வாழ்க்கையில் மிக மோசமான ஒரு மணி நேரம், அவரைக் கேட்காமலே படப்பிடிப்புத் தளமாகிவிடுகிறது. பிறகு ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். போலீஸ் பக்கத்தில் நிற்கும்போது கேட்கிற கையெழுத்து எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

வாசலைத் தாண்டிய கேமரா

மன்சிக்கு எட்டு வருடம் முன்பே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதில் ஒரு கோடு போட்டிருந்தது. 1992 ஏப்ரலில் ஒரு விடியற்காலை. மேரிலாந்தின் ராக்வில்லில் தேடப்படும் ஒருவனைப் பிடிக்கப் போலீஸ் ஒரு வீட்டுக்குள் நுழைந்தது. கூடவே ஒரு பத்திரிகையின் நிருபரும் புகைப்படக்காரரும். உள்ளே இருந்தது அவனுடைய பெற்றோர். தகப்பனார் உள்ளாடையோடு எழுந்து ஓடி வந்தார், அவரைத் தரையில் அமுக்கினார்கள். தாயார் இரவு உடையில். மகன் அங்கே இல்லவே இல்லை. எடுத்த படங்கள் பத்திரிகையில் வரவும் இல்லை. அப்படியிருந்தும் 1999இல் 'வில்சன் எதிர் லேன்' தீர்ப்பில், வாரண்டை நிறைவேற்றுவதற்கு உதவாத ஊடகக்காரரை வீட்டுக்குள் கூட்டிப்போவது அரசியல் சாசன மீறல் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அச்சில் வராத படத்துக்கும் இந்தத் தீர்ப்பு என்பதைத் தம்பி கவனிக்க வேண்டும். முகத்தை மங்கலாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று அவன் தாளில் ஒரு வரி இருக்கிறது. அந்தத் தகப்பனாருக்கு நேர்ந்த அவமானம் அவருடைய கூடத்திலேயே நடந்து முடிந்துவிட்டது.

கோடு வாசலோடு நின்றது. தெருவில், தோட்டத்தில், வண்டி நிறுத்துமிடத்தில் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. 2009இல் நடிகர் ஸ்டீவன் சீகலைப் போலீஸாக வைத்து 'லாமேன்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. லூசியானாவில் ஆரம்பித்து பிறகு அரிசோனாவின் மரிகோபா கவுண்டிக்குப் போனது. அங்கே 2011 மார்ச்சில் ஒரு வீட்டில் சோதனை. குற்றச்சாட்டு, சேவல் சண்டை. அதற்குக் கவச வண்டி கொண்டுபோனார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சேவல்கள் கொல்லப்பட்டன. தன் நாய்க்குட்டியும் செத்தது என்று வீட்டுக்காரர் புகார் சொன்னார். நம் பக்கத்தில் சேவற்கட்டு என்று தகவல் வந்தால் ஸ்டேஷனில் இருந்து இரண்டு பைக் போகும். ஆள் ஓடுவான், சேவல் ஸ்டேஷனுக்கு வரும், ரைட்டர் அதற்கு இரை போடுவார். சேவலைப் பிடிக்கக் கவச வண்டி வருகிறதென்றால் அந்த வண்டி யார் கண்ணுக்காக வருகிறது என்று போலீஸ்காரன் எவனுக்கும் புரியும்.

இன்னும் கனமான நிகழ்வுகள் உண்டு. 2010 மே மாதம் டெட்ராய்ட்டில் நள்ளிரவுச் சோதனை. தேடப்பட்டவன் மாடிப் பகுதியில் இருந்தான், போலீஸ் நுழைந்தது கீழ்ப் பகுதியில். ஒளிக்குண்டு வீசி உள்ளே போனார்கள். ஏழு வயதுச் சிறுமி குண்டு பாய்ந்து இறந்தாள். வெளியே ஒரு புலனாய்வு நிகழ்ச்சியின் படக்குழு நின்றிருந்தது. கேமரா இல்லாவிட்டால் இந்த முறையில் நுழைந்திருப்பார்களா என்று அந்த ஊர் கேட்டது. சுட்ட அதிகாரி மீதான வழக்கில் இரண்டு முறை ஜூரி முடிவுக்கு வரவில்லை, 2015இல் வழக்கு கைவிடப்பட்டது. 2019இல் டெக்சாசில் முகப்பு விளக்கைத் தாழ்த்தவில்லை என்று துரத்தப்பட்ட ஒருவர் மின்னதிர்ச்சித் துப்பாக்கியால் தாக்கப்பட்டு இறந்தபோது 'லைவ் பி.டி.' என்ற போலீஸ் நிகழ்ச்சியின் குழு படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பதிவு ஒளிபரப்பாகவில்லை, பின்பு அழிக்கப்பட்டுவிட்டது. 2020 ஜூனில் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள்.

அந்த அழிந்த பதிவு பற்றித் தம்பியிடம் தனியாகப் பேச நினைக்கிறேன். நம் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 105ஆம் பிரிவின்படி 2024 ஜூலையில் இருந்து சோதனையையும் பொருள் கைப்பற்றுவதையும் போலீசே ஒலி ஒளியாகப் பதிவு செய்ய வேண்டும், தாமதிக்காமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கேமரா நீதிமன்றத்துக்குச் சொந்தம். வெட்டவோ ஒட்டவோ பின்னணி இசை சேர்க்கவோ கூடாது. இன்னொரு கேமரா அதே அறையில் வேறு நோக்கத்தோடு ஓடினால், அதில் இருப்பது இதில் இல்லை, இதில் இருப்பது அதில் இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். கேட்பது அவர் கடமை. சாட்சி ஆளை அடையாளம் காட்டும் அணிவகுப்பு வைக்க வேண்டிய ஆளின் முகத்தை ஊரே டி.வி.யில் பார்த்திருந்தால் அந்த அணிவகுப்புக்கு என்ன மதிப்பு?

என் கையால் நடந்த ஒன்று

இதை எழுதாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. ஊர், நிலையம், வருடம் சொல்லப் போவதில்லை. தென்கடல் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலடியில் வாழும் கடல் அட்டை என்ற உயிரி 2001இல் இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யானைக்கும் புலிக்கும் உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. மாட்டினால் மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. எடுப்பது, அவிப்பது, காயவைப்பது, மூட்டை கட்டுவது, கடத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள். கடைசியில் அந்தப் பக்கம் இலங்கைக்குப் போகும். பணம் போடுகிறவன் கரைக்கே வரமாட்டான். கையில் கிடைப்பவன் மூட்டை தூக்க வந்தவனாக இருப்பான்.

அன்று அதிகாலை மூன்று மணி. தகவல் சரியாக இருந்தது. உடைமரங்களுக்குப் பின்னால் ஒரு வேன், சாக்கு மூட்டைகள், ஒரே ஒரு பையன். மற்றவர்கள் இருட்டில் போய்விட்டார்கள். பையனுக்கு இருபது இருக்கும். ஓடவில்லை. கை நடுங்கியபடி நின்றான். உள்ளூர்ச் சேனல் நிருபர் ஒருவர் எனக்குப் பழக்கம். நான்தான் போன் போட்டேன். நல்ல பிடி, நிலையத்துக்குப் பெயர் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அவர் வரும்வரை மகஜர், அதாவது கைப்பற்றியதற்கான பதிவு, எழுதுவதை நிறுத்தி வைத்தேன். வந்ததும் மூட்டையை அவிழ்த்துப் பரப்பச் சொன்னார், பரப்பினோம். பையனை நடுவில் நிற்கச் சொன்னார், நிறுத்தினேன். அவன் தலையைக் குனிந்தான். நான் மோவாயைப் பிடித்துத் தூக்கினேன். என் விரல் அந்தக் காட்சியில் தெரியும்.

மூட்டைகளையும் ஆளையும் வனத்துறையிடம் ஒப்படைத்தோம். மாலைச் செய்தியில் "கடத்தல் மன்னன் சிக்கினான்" என்று போட்டார்கள். அவன் அன்றைக்கு மூட்டைக்கு ஐம்பது ரூபாய் என்று வந்தவன். ரிமாண்டில் இருந்து வெளியே வருவதற்குள் அக்காவுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் போய்விட்டது. சில வருடம் கழித்து வழக்கு நிற்காமல் அவன் விடுதலையானான். சாட்சி சரியில்லை, கைப்பற்றிய நேரமும் மகஜர் எழுதிய நேரமும் பொருந்தவில்லை. பொருந்தாத அந்த நேரம் நான் நிருபருக்காகக் காத்திருந்த நேரம். நீதிமன்றத்தில் அதை நான் சொல்லவில்லை.

மத்திய உள்துறை 2010 ஏப்ரலிலேயே கைதானவர்களை ஊடகத்தின் முன் நிறுத்த வேண்டாம் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. கைது நடைமுறை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு தீர்ப்பு 1996இல் வந்தது, கைது செய்கிறவன் பெயர்ப்பட்டை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. அன்று என் பெயர்ப்பட்டை சட்டைப் பைக்குள் இருந்தது. அவன் முகம் மட்டும் வெளிச்சத்தில் இருந்தது.

அங்கே நட்சத்திரம் யாரும் இல்லை. சாதாரண உள்ளூர்க் கேமரா ஒன்று போதுமாக இருந்தது, சட்டம் தெரிந்த எஸ்.எஸ்.ஐ. ஒருவன் தன் வேலையின் வரிசையை மாற்றிக்கொள்ள. ஐந்து பிரபலமும் இருபது கேமராவும் வந்தால் அங்கிருக்கும் இளம் கான்ஸ்டபிள் எப்படித் தாக்குப்பிடிப்பான்?

நாமும் நடிப்பதுண்டு

கடலோரப் போலீசில் நடிப்பு உண்டு, அதற்கு 'சாகர் கவாச்' என்று பெயர். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடற்படை, கடலோரக் காவல் படை, மாநிலப் போலீஸ், மீன்துறை எல்லாம் சேர்ந்து நடத்தும் ஒத்திகை. நம் ஆட்களே தீவிரவாதி வேடத்தில் படகில் ஏறி, மீனவர் மாதிரி லுங்கி கட்டிக்கொண்டு, ஏதாவது ஒரு துறையில் இறங்கப் பார்ப்பார்கள். மற்றவர்கள் பிடிக்க வேண்டும். நானும் ஒருமுறை தீவிரவாதியாகப் போய், கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டுச் சொன்னதால் மாட்டினேன். "உங்க கால் கடல்கால் இல்லையே, சாமி" என்றார்.

அதில் பிடிக்கிறவனும் போலீஸ், பிடிபடுகிறவனும் போலீஸ். இரண்டு பேரும் சம்மதித்து வந்தவர்கள். தம்பிக்கு நட்சத்திரங்களைக் கடலுக்குக் கூட்டிப்போக ஆசை என்றால் இந்த மாதிரி ஒன்றில் கூட்டிப்போகலாம், அலையடித்து வாந்தி எடுப்பதை வேண்டிய மட்டும் படம் பிடிக்கலாம். யார் வீட்டுக் கதவும் தட்டப்படாது.

நிஜ ரோந்தில் அவன் கேட்ட சீன் கிடைக்காது என்பதும் உண்மை. பன்னிரண்டு டன் படகில் ராத்திரி முழுக்கப் போய், கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கன் பார்த்து, பதிவு எண் பார்த்து, அடையாள அட்டை பார்த்து, டீசல் கணக்கு எழுதித் திரும்புவோம். கடலில் பேசும் பேச்சுதான் பாதி வேலை. "அண்ணே, நேத்து வடக்க புதுப் போட்டு ஏதாச்சும் பார்த்தீங்களா?" என்று கேட்டால் பதில் வர வேண்டும். அந்தப் பதில் வருவதற்கு வருடங்கள் ஆகும். ஒரே ஒரு தடவை அவர் முகத்தில் லைட் அடித்துப் படம் எடுத்துவிட்டால் நின்றுவிடும். தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். வனத்துறை, போலீஸ், யார் படகு என்று பார்த்துப் பார்த்தே பிழைப்பவர்கள்.

ராமநாதபுரத்தில் 1993

சீருடை இல்லாத ஆட்களைப் போலீசோடு சேர்ப்பது எப்படி என்று யோசித்த மாவட்டம் இது. 'போலீஸ் நண்பர்கள்' இயக்கம் 1993இல் ராமநாதபுரத்தில்தான் பிறந்தது. அப்போது எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கினார். ஊர்க்காரர் போலீசுக்கு உதவ வேண்டும், போலீஸ் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். அதன் நல்ல பலனையும் நான் பார்த்திருக்கிறேன். மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தபோது, இந்த இயக்கத்துத் தன்னார்வலர்களும் அதில் இருந்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. நிறுவியவர் அதை மறுத்தார். ஜூலையில் அரசு அந்த அமைப்புக்குத் தடை போட்டது.

அந்த நாட்களில் ஓய்வுபெற்ற நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். லத்தியைத் தொட்டவன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? கான்ஸ்டபிள் தப்பு செய்தால் ஜி.டி. என்ற நிலையத்தின் பொது நாட்குறிப்பு இருக்கிறது, டியூட்டி ரோஸ்டர் இருக்கிறது, சஸ்பென்ஷன் இருக்கிறது, பென்ஷன் போகும். மூன்று வருடம் கழித்து நீதிமன்றம் கூப்பிட்டால் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டும். பத்து நாள் போலீசாக இருந்த நட்சத்திரம் ராமநாதபுரம் கோர்ட் வாய்தாவுக்கு எத்தனை தடவை வருவார்? வந்தால் அவரைப் பார்க்கக் கூடும் கூட்டத்தை அடக்கவே பக்கத்து நிலையங்களில் இருந்து ஆள் எடுக்க வேண்டும். முறையாக நியமிக்காமல் காக்கி மாட்டி ஒருவர் கையைப் பிடித்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 204ஆம் பிரிவு, அரசு ஊழியராக ஆள்மாறாட்டம் என்ற கேள்வியும் வரும்.

உண்மையிலேயே ஆசை இருக்கும் பிரபலத்துக்கு வழி இல்லாமல் இல்லை. ஊர்க்காவல் படை இருக்கிறது. மீனவ இளைஞர்கள் கடலோர ஊர்க்காவல் படையில் சேர்ந்து தினப்படிக்கு வேலை பார்க்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து பயிற்சி எடுத்து, பதிவேட்டில் பெயர் ஏற்றி, கேமரா இல்லாமல் திருவிழா பாராவில் நிற்கலாம்.

இவ்வளவையும் எழுதித் தம்பிக்கு அனுப்பினேன். படித்துவிட்டுப் போன் செய்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐயா, அந்தப் பையன் இப்ப எங்க இருக்காரு?" என்றான்.

விசைப்படகில் இருக்கிறான். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டான், ஒரு மகள் இருக்கிறாள். அந்தக் காட்சி இன்னும் இணையத்தில் கிடக்கிறது. அவன் பெயரும் ஊரும் போட்டுத் தேடினால் முதலில் வருவது அதுதான். வளைகுடாவில் வேலைக்கு ஏஜெண்ட் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினாராம். எடுத்துவிடுங்கள் என்று சேனலுக்கு நான் இரண்டு தடவை எழுதினேன், பதில் இல்லை. விடுதலைத் தீர்ப்பின் நகலை வாங்கி, இந்த முறை மூன்றாவது கடிதம் தயார் செய்திருக்கிறேன். மகஜர் தாமதமானதற்கு யார் காரணம் என்பதையும் அதில் எழுதிவிட்டேன். அவன் கையெழுத்தும் வேண்டும் என்றேன். "தடைக்காலம்தானே ஐயா, கரையிலதான் கிடக்கேன். வியாழக்கிழமை வாறேன்" என்று சொல்லியிருக்கிறான்.